புளியைக் கீழே வையுங்கள்: வடசென்னையில் பழைய காசு தேடுவோருக்கு

மண்ணுக்குள் நூற்றைம்பது வருஷம் தாக்குப்பிடித்த செப்புக் காசு, வெளியே வந்த பத்தே நிமிஷத்தில் செத்துப்போகும். கொல்வது பெரும்பாலும் புளி. குத்துவிளக்கும் செம்புக் குடமும் தேய்த்துப் பழகிய கை, பச்சை படிந்த காலணாவைப் பார்த்ததும் தானாகச் சமையலறைப் பக்கம் போகிறது. கொஞ்சம் புளி, ஒரு சிட்டிகை உப்பு, கட்டைவிரலால் நாலு தேய். காசு ரோஜா நிறத்தில் பளபளக்கும். ராணியின் முகமும் வருஷமும் புளித்தண்ணீரோடு சாக்கடையில் இறங்கியிருக்கும்.

புதைந்த செம்பில் மேல்தோல்தான் காசு. உப்பும் ஈரமும் உள்ளே ஏற ஏற, அச்சில் விழுந்த எழுத்து உலோகத்தைவிட்டு அந்தப் பழுப்பும் பச்சையுமான படலத்துக்குக் குடிமாறிவிடுகிறது. அடியில் இருப்பது பொருபொருவென்று அரித்த வெறும் செம்பு. அமிலம் படலத்தைக் கரைத்தால் மிஞ்சுவது ஒரு வட்டத் தகடு மட்டும். எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பொடி எல்லாம் புளிக்கு அண்ணன் தம்பிகள்தான்.

ஆகவே மெட்டல் டிடெக்டர் வாங்கும் முன்பே மூன்று பொருள் வாங்கிவிட வேண்டும்: 0.01 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு, ஒரு வெர்னியர் காலிப்பர், ஐந்து லிட்டர் பேட்டரித் தண்ணீர். கடைசியாகச் சொன்னது காய்ச்சி வடித்த நீர்தான். ஆட்டோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அதே அலமாரியில் பேட்டரி ஆசிடும் நிற்கும். "தண்ணி, ஆசிட் வேணாம்" என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள்.

எங்கே, எப்போது

வடசென்னைக் கடற்கரையைப் புரிந்துகொள்ளாமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கால்வலிதான் மிச்சம். இந்தக் கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கை அதை மறித்ததால் தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் கரைகள் அரித்துப்போயின. அதற்காகத்தான் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) கட்டினார்கள். அவற்றின் தெற்குப் பக்கம் சேர்ந்திருப்பது புது மணல். அங்கே ஸ்டீல் ஒரு ரூபாயும் பாட்டில் மூடியும் எடுத்துக்கொண்டே இருக்கலாம், பழசு வராது. பழசு வருவது அரித்த இடத்தில்: தூண்டில் வளைவின் வடக்குப் பக்கம், கல்சுவரின் அடி ஓரம்.

காலம் ஐப்பசி, கார்த்திகை. வாடைக்காற்றில் அலை கரையைப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிடும். வெட்டின் அடியில் கறுப்பு மணல், கூழாங்கல், சிப்பி, துருப்பிடித்த ஆணி, வலைக்குக் கட்டும் ஈயம் எல்லாம் ஒரே வரிசையில் ஒதுங்கியிருக்கும். அந்த வரிசைதான் வேண்டியது. கனமான பொருளைக் கடல் ஓரிடத்திலும், லேசான பொருளை இன்னோரிடத்திலும் போடும். ஈயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளி 10.5, செம்பு 8.9, அலுமினியம் 2.7. ஈயக் குண்டு அடுத்தடுத்து வந்தால் நடையைக் குறையுங்கள். செம்பும் வெள்ளியும் அந்தக் கூட்டத்தில்தான் கிடக்கும். பாக்குப் பொட்டலத் தகடும் அலுமினியப் பத்து பைசாவும் மட்டும் வந்தால் இடத்தை மாற்றுங்கள். புயல் ஓய்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் போக வேண்டும்; அதற்குமேல் விட்டால் கடல் மணலைத் திரும்பப் போர்த்திவிடும். பாசி பிடித்த கல்லின்மேல் அலை பார்க்காமல் ஏறுகிறவனுக்குக் காசு தேவைப்படாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கரையில் காசு ஏன் இருக்கிறது? தர்ப்பணம், மாசி மகத் தீர்த்தவாரி, நேர்ந்துகொண்டு கடலில் போட்டது, மீன் ஏலத்தில் மடியிலிருந்து நழுவியது. ஊருக்குள் வேறு கணக்கு. நிலைவாசல் வைக்கும்போது அடியில் நவதானியத்தோடு காசு போடுவது நம் வழக்கம். ஜார்ஜ் டவுனிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வீடு இடிக்கும்போது வாசற்படி மண்ணைச் சலித்தால் அந்தக் காசு கிடைக்கும். அதிலுள்ள கடைசி வருஷத்துக்குப் பிறகுதான் அந்த வாசல் வைக்கப்பட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சவ ஊர்வலத்தில் பொரியோடு இறைத்த சில்லறை, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் மண்ணில் உண்டு. சாலைக்குப் பள்ளம் தோண்டிப் போட்ட மண்ணில் அதைப் பார்க்கலாம். சுடுகாட்டுக்குள் மிஷின் எடுத்துப் போவது கூடவே கூடாது.

குப்பத்து மணலில் இறங்கும் முன் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை. "இன்னா நைனா தேடுறே?" என்று யாராவது கேட்டால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எடுத்ததைக் காட்டிப் பேசுங்கள். ஒளித்தால்தான் வம்பு. துறைமுக வேலி ஓரம், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகப் பக்கங்கள் வேண்டவே வேண்டாம்.

தோண்டும் முன் சட்டம்

1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு பொருந்திய கட்டடத்திலோ மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்பது அச்சுப்பிழை அல்ல. 1878-இன் பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது. மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், பங்கும் போய்விடும். ஒழுங்காகத் தெரிவித்து, பொருளுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்று கலெக்டர் அறிவித்தால், நில உரிமையாளரோடு வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். சென்னை மாவட்டத்துக்குள் கிடைத்தால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள கலெக்டர் அலுவலகம். மீஞ்சூர், பழவேற்காடு என்றால் திருவள்ளூர் கலெக்டர்.

பானையோ குவியலோ தட்டுப்பட்டால் அதற்குமேல் ஒரு விரல்கூடத் தோண்டாதீர்கள். படம் எடுத்து, மண்ணை மூடி, தகவல் சொல்லுங்கள். குவியலில் எது மேலே இருந்தது, எது அடியில் என்பதுதான் தொல்லியல்காரர்களுக்கு வேண்டியது. காசை மட்டும் அள்ளிக் கொடுத்தால் பாதி விஷயம் போய்விட்டது.

புனித ஜார்ஜ் கோட்டை, பழவேற்காடு டச்சுக் கல்லறை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் அவற்றின் சுற்றுவட்டத்திலும் டிடெக்டரே எடுக்கக் கூடாது. நூறு வருஷம் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம், தபாலில் ஒரே ஒரு காசு அனுப்பினாலும் சரி.

மிஷின் என்ன சொல்கிறது

கேரட் ஏஸ் 300 போன்ற ஒற்றை அலைவரிசை மிஷின் காய்ந்த மணலிலும் வீட்டு மண்ணிலும் நன்றாக வேலை செய்யும். ஈரமான உப்பு மணலில் அது நிறுத்தாமல் உளறும். அலை நனைக்கும் இடத்துக்குப் பல அலைவரிசைகளில் இயங்கும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரி மிஷின் வேண்டும். எண்ணூர்ப் பக்கம் இன்னொரு தொல்லை: அனல்மின் நிலையச் சாம்பல். அதில் இரும்பு ஆக்சைடு இருப்பதால், கறுப்பு மணலோடு சேர்ந்து மிஷின் தரையையே உலோகம் என்று எடுத்துக்கொள்ளும். காயிலை, அதாவது மிஷினின் அடியிலுள்ள தேடும் தட்டை, தரைக்கு ஐந்து செண்டிமீட்டரிலிருந்து முப்பது வரை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் (தரையின் சத்தத்தை மிஷின் ஒதுக்கும்படி சரிக்கட்டுவது) செய்யுங்கள். அப்படியும் சலசலத்தால் சென்சிடிவிட்டியை இரண்டு மூன்று படி குறையுங்கள். குறைத்தால் ஆழம் போய்விடுமே என்று பயந்து உச்சத்தில் வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. உளறும் மிஷினில் பதினைந்து செண்டிமீட்டர் ஆழத்துக் காசின் மெல்லிய சத்தம் காதில் விழாது. உயர்மின் கோபுரத்துக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்திலும் இதே கதை. தள்ளிப் போவது ஒன்றே வழி.

உலோகத்துக்கு ஏற்ப மிஷின் திரையில் வரும் எண்ணை வேறொருவர் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள். மிஷினுக்கு மிஷின் எண் மாறும். நீங்களே ஒரு சோதனைப் படுகை போடுங்கள்: காலணா ஒன்று, ஒரு ரூபாய் ஸ்டீல் ஒன்று, அலுமினியப் பத்து பைசா, வலை ஈயம், குளிர்பான டப்பாவின் வளையம், ஆணி. ஐந்து, பத்து, பதினைந்து செண்டிமீட்டரில் புதைத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். வரிசை பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: இரும்பு கீழே, சிறு தங்கப் பணமும் சிகரெட் தகடும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில், அதற்குச் சற்று மேலே, ஈயம், அலுமினியம், நிக்கல் கலந்த அணாக்கள் நடுவில், செப்புக் காலணா மேலே, வெள்ளி ரூபாய் உச்சியில். தங்கம் மட்டும் வேண்டும், குப்பை வேண்டாம் என்று கீழ் எண்களை அடைத்துவிட்டால் முதலில் தப்பிப்போவது தங்கம்தான்.

சிக்னல் வந்ததும் காசுக்கு நேராக நின்று ஆட்டிப் பாருங்கள். பிறகு தொண்ணூறு டிகிரி சுற்றி வந்து மறுபடி ஆட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண், ஒரே சத்தம் என்றால் வட்டமான பொருள். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் மறைந்தால் படகு ஆணி. பாட்டில் மூடி இந்தச் சோதனையில் ஏமாற்றும். அதற்குக் காயிலின் நுனியை மட்டும் சிக்னலின் விளிம்பில் வைத்துச் சின்னதாக அசைத்தால் இரும்பின் கரகரப்பு எட்டிப்பார்க்கும்.

காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுக்கும் பையன்கள் அள்ளுவது எல்லாம் ஸ்டீல் காசு. செம்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஒரு விதிவிலக்கு உண்டு: 1946, 1947 வருஷத்து அரை, கால் ரூபாய்களும் 1947 வருஷத்து ரூபாயும் சுத்த நிக்கல். அவை நன்றாகவே ஒட்டும். சுதந்திரத்துக்குப் பின் வந்த நிக்கல் காசுகளும் அப்படித்தான். "ஒட்டுகிறது, போலி" என்று இவற்றைத் தூக்கி எறிந்தவர்கள் நிறையப் பேர்.

தோண்டுவது சுருக்கமான விஷயம். சிக்னலின் நடுவை விட்டு ஒரு சாண் தள்ளிக் கரண்டியை இறக்குங்கள், நேர்மேலே குத்தாதீர்கள். காசின் நடுவில் விழுந்த கரண்டி வெட்டு எந்தத் தண்ணீரிலும் ஆறாது. கடற்கரையில் மணல் அள்ளும் ஸ்கூப்பின் ஓட்டை பெரிதாக இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு காசும் தங்கப் பணமும் அதன் வழியாகவே இறங்கிப் போய்விடும். கீழ் எண் சிக்னலுக்கு மட்டும் மாவுச் சல்லடை மாதிரி நெருக்கமானதைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். குழியை மூடுங்கள். ஊசியும் உடைந்த கண்ணாடியும் சாதாரணமாக வரும் கரை இது. கையுறை இல்லாமல் கை விடாதீர்கள்.

முதல் பத்து நிமிஷம்

விரலால் மணலைத் தேய்த்துத் துடைக்கத் தோன்றும். மணல் என்பது உப்புத்தாள். அப்படியே ஒரு சிறு டப்பாவில் காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள், ஒரு டப்பாவுக்கு ஒரு காசு. கடலிலிருந்து வந்த செம்பைக் காயவிடக் கூடாது. காயும்போது உள்ளிருக்கும் உப்பு படிகமாகி மேல்தோலை உள்ளிருந்து தள்ளிப் பெயர்த்துவிடும்.

ஈரமாக இருக்கும்போதே ஒருமுறை படியுங்கள். நனைந்த காசில் எழுத்து தெரிவது போலக் காய்ந்த காசில் தெரியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைக் காசின் பக்கவாட்டில், மேசைக்கு ஒட்டினாற்போல் வைத்து மெல்லச் சுற்றுங்கள். நேர்மேலே வெளிச்சம் அடித்தால் தட்டையாகத் தெரிகிற காசில், சரிவான வெளிச்சத்தில் நிழல் விழுந்து ஒரு சிங்கத்தின் வால், ஒரு எண்ணின் வளைவு, ஒரு கிரீடத்தின் முனை எழும்பும். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு படம் எடுத்து வைத்தால், ஒரு படத்தில் இல்லாத எழுத்து அடுத்ததில் இருக்கும்.

என்ன காசு

வருஷத்தைத் தேடி ஆரம்பிக்காதீர்கள். முதலில் குறுக்களவு, அடுத்து எடை, பிறகு உலோகம், கடைசியில்தான் எழுத்து. எழுத்து அழியும், வருஷம் பொய் சொல்லும். எடையும் அளவும் அரிப்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

வெள்ளியில் குழப்பம் குறைவு. 30.5 மில்லிமீட்டர், 11.66 கிராம் என்றால் 1835-க்குப் பிந்தைய ரூபாய். அது சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக்காரர் "ரூபாய் எடை" என்பது இந்த எடைதான். அரை ரூபாய் 24 மில்லிமீட்டர், 5.83 கிராம். கால் ரூபாய் 19, 2.92. வெள்ளி இரண்டணா 15, 1.46. எடை சரியாக இருந்து நிறம் மட்டும் மங்கலாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள்: ரம்பப் பல் வரிசையின் நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடினால் 1940-களின் பாதி வெள்ளிக் காசு. அதற்கு முந்தையவை 91.7 சதவீதம் வெள்ளி. கடலில் கிடந்தவை கறுப்பாக, சில சமயம் கரி மாதிரியே வரும். எடை போட்டால்தான் வெள்ளி என்று தெரியும்.

உலோகம் சந்தேகமாக இருந்தால் சௌகார்பேட்டையில் டச் பார்க்கும் மிஷினில் வைத்து எடுக்கலாம். உரைகல்லில் உரசிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். விளிம்பில் ஒரு கோடு விழுந்தால் சேகரிப்பவர் பார்வையில் காசு பாதி விலை.

செம்பில்தான் வேலை அதிகம். 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே, முகம் தேய்ந்த வட்டம் ஒன்று கிடைத்தால் அது மூன்றில் ஒன்று. எடை ஆறு கிராமைத் தாண்டினால் 1906-க்கு முந்தைய செப்புக் காலணா, புதிதில் 6.48 கிராம். ஐந்துக்குக் கீழே என்றால் 1906-இல் வெண்கலத்துக்கு மாறிய காலணா, 4.86 கிராம். அதே ஐந்துக்குக் கீழே இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 வருஷங்களில் இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் அடித்தனுப்பிய பத்து காசு. அதுவும் 4.6 கிராம் சுமார், குறுக்களவும் ஏறக்குறைய அதேதான். நூறு வருஷ வித்தியாசமுள்ள இரண்டு காசையும் ஒரே டப்பாவில் போட்டு "காலணா" என்று எழுதிவைப்பது சகஜமாக நடக்கும். சரிவு வெளிச்சத்தில் தலையின் நிழல் ஒரு பக்கம் முழுக்க விழுந்தால் காலணா. கேடயமும் இருபுறம் நிற்கும் சிங்கங்களும், மறுபக்கம் பாரசீக எழுத்தும் அடியில் ஒற்றைப் பெருக்கல் குறி போன்ற ரோமன் பத்தும் தெரிந்தால் கம்பெனிக் காசு.

அந்த வரிசையில் இருபது காசு 31 மில்லிமீட்டர், 9.3 கிராம்; ஐந்து காசு 21, 2.3, ஒரு காசு பத்துப் பதினொரு மில்லிமீட்டர், அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு காசைக் கையில் வைத்துப் பாருங்கள்: உளுந்தைவிடப் பெரிது, சட்டைப் பொத்தானைவிடச் சிறிது, அதற்குள் கிரீடம் ஏந்திய சிங்கம் ஒன்று நிற்கிறது, அடியில் நாலு இலக்கம். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஆங்கிலேயர் வாயில் 'கேஷ்' ஆனது நம் 'காசு'தான். 1818-இல் வராகன் கணக்கு ஒழிந்து ரூபாய்க் கணக்கு வந்தது, நூறு வராகனுக்கு 350 ரூபாய் வீதம்.

ஐந்து காசோடு குழம்புவது டச்சு டொய்ட். குறுக்களவு அதே 21, 22 மில்லிமீட்டர், ஆனால் மூன்று கிராம் வரை போகும். ஒரு பக்கம் பெரிய 'வி' எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ', 'சி' கோத்திருக்கும். வ.உ.சி. இல்லை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அடியில் வருஷம், மறுபக்கம் டச்சு மாகாணத்தின் கேடயம். அலையிலிருந்து சிங்கம் எழுந்தால் ஜீலாந்து. பழவேற்காட்டில் 1600-களின் தொடக்கத்திலேயே கோட்டை கட்டி, காசும் அடித்தவர்கள் அவர்கள். வடசென்னை வாயில் புரளும் 'துட்டு' இந்த டொய்ட்டிலிருந்து வந்தது என்பார்கள்.

சென்னை நாணயசாலையே 1807 தொட்டு அடித்த காசுகளில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நாலு மொழி நெருக்கியடிக்கும். வெள்ளி அரை வராகன், கால் வராகனில் ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழக் கோபுரம், மறுபக்கம் சாமி. கோபுரத்தைப் பார்த்ததும் கோயில் டாலர் என்று காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தட்டையாக இல்லாமல் தடித்து, பருப்பு மாதிரி ஒழுங்கற்று, சம்மட்டி அடித்த காசு என்றால் கம்பெனி யந்திரத்துக்கு முந்தைய வகை: நாயக்கர் காலச் சிறு செம்பு, ஆற்காடு நவாபின் 'வாலாஜா' என்று பாரசீகத்தில் பொறித்த செம்பு, அபூர்வமாக அதற்கும் பழையது. நின்ற உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் மறுபக்கம் இருந்தால் ராஜராஜன் பெயர் கொண்ட சோழர் காசாக இருக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் ஒரு மத்தியானம் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். புத்தகப் படத்தில் வராத தடிமன் அங்கே தெரியும்.

பாரசீக எண்ணைப் படிக்க மதரசா போக வேண்டாம். ஒன்று நம் ஒன்றேதான். ஐந்து கவிழ்த்த இதயம். ஏழு, உண்டிவில் கவட்டையை நிமிர்த்திப் பிடித்தது. எட்டு, அதையே கவிழ்த்தது. ஆறு பார்வைக்கு நம் ஏழு மாதிரி. பூஜ்யம் வெறும் புள்ளி. கிடைத்த ஹிஜ்ரி வருஷத்தை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் நம் வருஷம். 1172 என்றால் 1758-59.

இங்கேதான் வருஷம் பொய் சொல்கிறது. சென்னையில் அடித்த ஆற்காடு ரூபாயில் மொகலாயப் பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்பதும், கூட ஒரு தாமரையும் இருக்கும். அந்தப் பாதுஷா மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் கம்பெனி அதே தேதியை அடித்துக்கொண்டே இருந்தது. சந்தையில் பழகிய தேதியை மாற்றினால் வட்டம் (காசின் மதிப்பில் கழிவு) கேட்பார்கள் என்ற கணக்கு. விக்டோரியா ரூபாயும் அப்படியே: 1840 என்று போட்டது 1861 வரை, 1862 என்று போட்டது 1874 வரை ஓடியது. "1862 காசு கிடைத்தது, ஆகவே மண் 1862-ஐச் சேர்ந்தது" என்பது தப்புக் கணக்கு.

தங்கசாலைத் தெருப் பக்கம் கிடைத்தாலே "இங்கேயே அடிச்சது" என்று சொல்லும் ஆசையும் உண்டு. சென்னை நாணயசாலை 1869-இல் மூடப்பட்டது. அதற்குப் பிந்தைய தேதி என்றால் பெரும்பாலும் கல்கத்தாவோ பம்பாயோதான், 1940-களில் லாகூரும் சேர்ந்தது. வருஷத்துக்கு அருகே குறியே இல்லை என்றால் பொதுவாகக் கல்கத்தா. புள்ளியோ சின்ன வைரமோ இருந்தால் பம்பாய்.

அணாக் காலத்தின் பின்பகுதி சுலபம். பன்னிரண்டு வளைவு ஓரத்தோடு 21 மில்லிமீட்டர் என்றால் 1907-க்குப் பிந்தைய ஓரணா. முனை மழுங்கிய சதுரம் இரண்டணா, அதுவே சிறிதாக இருந்தால் அரையணா. நடுவில் ஓட்டை என்றால் 1943 முதல் 1947 வரையிலான ஓட்டைக் காலணா. மிகச் சாதாரணம், வாஷராகப் பயன்படுத்தப்பட்டே பாதி தீர்ந்தது. நயா பைசா 1957 முதல் 1963 வரை. 1964-இல் 'நயா' போனது. அலுமினியப் பைசாக்கள் கடலில் வெள்ளைப் பொடியாக உதிரும், விரலால் அழுத்தாதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமன், ஓம் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818, அரை அணா" என்றிருப்பது காசே இல்லை. கம்பெனி அப்படி எதுவும் வெளியிட்டதில்லை. கோயில் வாசலில் விற்ற டோக்கன். அணாக் கணக்கில் தெய்வ உருவம் கண்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். பழைய காசை லட்சத்துக்கு வாங்குவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் போன் வந்தாலும் அப்படியே: ரிசர்வ் வங்கி இப்படிக் காசு வாங்குவதுமில்லை, கமிஷன் கேட்பதுமில்லை என்று 2021 ஆகஸ்டில் அவர்களே அறிக்கை விட்டார்கள்.

சுத்தம், சேமிப்பு

செம்பை வடித்த நீரில் ஊறவையுங்கள். முதல் வாரம் தினம் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை நீரை மாற்றுங்கள். ஒரு மாதம் சாதாரணம். இடையிடையே பல் குத்தும் மூங்கில் குச்சியால், நனைந்த நிலையில், பூதக்கண்ணாடிக்கு அடியில் மண்ணை மட்டும் தள்ளுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். மூங்கில் படலத்தைவிட மெது, இரும்பு அப்படியல்ல. வீட்டு மண்ணில் கிடைத்த செம்புக்கு ஆலிவ் எண்ணெயில் ஓரிரு மாதம் போட்டால் கெட்டியான மண் இளகும். நிறம் சற்றுக் கறுக்கும்.

காய்ந்த காசில் சில வாரம் கழித்து வெளிர்பச்சை மாவு பூத்து, தட்டினால் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது பாசி அல்ல. உள்ளே தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்கிறது. சென்னை ஈரப்பதத்தில் இது நிற்காது. அந்தக் காசைத் தனியே எடுத்து, ஒரு லிட்டர் வடித்த நீரில் 25 கிராம் ஆப்ப சோடா, 25 கிராம் வாஷிங் சோடா கரைத்து அதில் போட்டு, வாரம் ஒரு முறை கரைசலை மாற்றுங்கள். சில வாரம் ஆகும், நிறம் கொஞ்சம் மாறலாம். அது சம்மதமில்லை என்றால் காசே மிஞ்சாது. பிறகு வடித்த நீரில் அலசி, அசிட்டோனில் முக்கி, மேசை விளக்கின் கீழ் நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

வெள்ளியின் கறுப்பைத் தொடாதீர்கள். அலுமினியத் தகடும் சோடாவும் சுடுநீரும் வைத்து வெளுக்கும் வித்தை வேலை செய்யும்தான். வெளுத்த காசை வாங்குபவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். பிவிசி வேர்த்துப் பச்சைப் பிசுபிசுப்பாகச் செம்பில் படியும். அட்டை நடுவே ஜன்னல் வைத்த ஹோல்டர் நல்லது. ஸ்டேப்ளர் பின்னின் கால்களைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை. அதில் பென்சிலால்: தேதி, இடம், தூண்டில் வளைவின் எந்தப் பக்கம், எத்தனை செண்டிமீட்டர் ஆழம், மிஷின் காட்டிய எண், கழுவும் முன் எடை, கழுவிய பின் எடை, பக்கத்தில் கிடந்தது என்ன. பால்பாயிண்ட் பேனா வேண்டாம். சித்திரை வெயிலில் அந்த மை காகிதத்தைத் தாண்டிக் காசில் இறங்கிவிடும்.